க்யூடி நீளும் குடும்பங்கள்: கணினிக்குள் துடிக்கும் இதயம் நம் ரிப்போர்ட்டுக்குப் பதில் சொல்லுமா?

#1 நெய்தல் | ஞாயிறு இரவு 10:42

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகளுக்கு 14 வயது. போன வருஷம் பள்ளி நீச்சல்குளத்தில் இரண்டாவது சுற்று நீந்திக்கொண்டிருந்தவள் அப்படியே அசைவில்லாமல் மிதந்திருக்கிறாள். கோச் குதித்துத் தூக்கினார், பிழைத்தாள். முதலில் போன மருத்துவமனையில் வலிப்பு என்று சொல்லி எட்டு மாதம் வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது மறுபடி விழுந்தாள். வேறொரு மருத்துவர்தான் பழைய ஈசிஜியை வாங்கி ஸ்கேல் வைத்து அளந்து, "க்யூடி நீளமாக இருக்கிறதே, இதை யாருமே பார்க்கவில்லையா?" என்று கேட்டார். க்யூடி என்றால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறை மின்னேறி அடங்க எடுக்கும் நேரம், ஈசிஜியில் அளப்பது. துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்திய க்யூடி 471 மில்லிநொடி. பீட்டா பிளாக்கர் (இதயத்தின் மேல் அட்ரினலினின் வேகத்தைத் தணிக்கும் மாத்திரை) ஆரம்பித்தாயிற்று. நீச்சல் நிறுத்தம்.

மரபணுப் பரிசோதனையும் செய்தோம். கேசிஎன்க்யூ1 மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். அது நோய்க்குக் காரணமா இல்லையா என்று கேட்டால், "முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்" என்று ஒரு வரி. அவ்வளவு பணம் கட்டி வாங்கிய ரிப்போர்ட்டில் "தெரியாது" என்று எழுதியிருக்கிறது.

நான் பிழைப்புக்கு ஜாவா எழுதுகிறவள். இதயச் செல்லைச் சமன்பாடுகளாக எழுதி ஓட்டுகிறார்கள் என்று படித்தேன். இந்த மாற்றத்தை அதில் போட்டு ஓட்டினால் பதில் வராதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சந்தேகப்பிராணி | ஞாயிறு இரவு 11:15

குழந்தை நலமாக இருக்கட்டும். ஆனால் நேராகச் சொல்லிவிடுகிறேன், மாடல்காரர்கள் படம் நன்றாகப் போடுவார்கள். சிவப்பும் நீலமுமாக இதயம் சுழலும், மாநாட்டில் கைதட்டு விழும். அதே ஆளிடம் "இந்தப் பெண் மறுபடி மயங்கி விழுவாளா?" என்று கேளுங்கள், தொண்டையைக் கனைப்பார். பீட்டா பிளாக்கரை வேளை தவறாமல் கொடுங்கள். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

#3 பழையபஞ்சாங்கம் | திங்கள் காலை 5:50

பொழுதுபோக்கு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள் தம்பி. ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் நான், இந்தக் கதை கொஞ்சம் தெரியும்.

1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பெரிய நரம்பிழையில் மின்னோட்டம் எப்படி எழுந்து அடங்குகிறது என்று சமன்பாடு எழுதினார்கள். 1963-இல் அதற்கு நோபல் பரிசு. இடையில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் டெனிஸ் நோபிள் என்ற மாணவர் (பரிசுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, பெயர் அப்படி) அதே சமன்பாடுகளைத் திருத்தி இதயத்தின் பர்கின்ஜி இழைக்கு, அதாவது கீழறைகளுக்குத் துடிப்பைக் கடத்தும் இழைக்கு, பொருத்தினார். பல்கலைக்கழகத்தில் இருந்ததோ ஒரே ஒரு பெரிய கணினி, ஃபெர்ரான்டி மெர்க்குரி. பகலெல்லாம் பெரியவர்களுக்கு. உயிரியல் மாணவனுக்குக் கிடைத்தது நள்ளிரவு தாண்டி 2 மணி முதல் 4 மணி வரை. 1960-இல் முடிவுகள் வெளிவந்தன.

துடிப்பு தானாக வந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. எந்தச் சமன்பாட்டிலும் "இத்தனை நொடிக்கு ஒருமுறை துடி" என்று எழுதவில்லை. மின்னழுத்தம் சேனலை, அதாவது செல்லின் சுவரில் அயனிகள் போய்வரும் கதவைத் திறக்கிறது, திறந்த சேனல் மின்னழுத்தத்தை மாற்றுகிறது. அந்த இழுபறியிலேயே தாளம் பிறந்துவிட்டது.

சந்தேகப்பிராணிக்கும் ஒரு தீனி போடுகிறேன். அந்த மாடலில் கால்சியம் மின்னோட்டமே கிடையாது, இதயத்தில் அப்படி ஒன்று இருப்பது அன்று தெரியாது. அப்படியும் வரைகோடு அசலைப் போலவே வந்தது. கால்சியம் செய்யவேண்டிய வேலையை சோடியத்தின் தலையில் கட்டியிருந்தார்கள்.

#4 சந்தேகப்பிராணி | திங்கள் காலை 8:20

ஐயா, என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். தப்பான காரணத்தை வைத்துக்கொண்டு சரியான படம்!

#5 மின்கம்பி | திங்கள் இரவு 9:05

இந்தத் துறையில்தான் வேலை செய்கிறேன். மருத்துவர் அல்ல, மாடல் எழுதுகிறவன்.

நெய்தல் மேடம், "மாற்றத்தைப் போட்டு ஓட்டினால்" என்றீர்கள். சிக்கல் அந்தப் "போட்டு"வில்தான். மாடலுக்கு மரபணு எழுத்து புரியாது. அதற்குப் புரிவதெல்லாம் சேனல் எந்த மின்னழுத்தத்தில் திறக்கிறது, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு மின்னோட்டம் விடுகிறது, எப்போது அடைக்கிறது என்பவைதான். எழுத்து மாறினால் இந்த எண்கள் எப்படி மாறும் என்பதை ஆய்வகத்தில் அளக்க வேண்டும். மாற்றம் உள்ள சேனலை வேறொரு செல்லில் வளர்த்து, நுண்ணிய கண்ணாடிக் குழாயை அதன் மேல் ஒட்டிவைத்து அளப்பார்கள், பேட்ச் கிளாம்ப் என்று பெயர். உங்கள் குடும்பத்து எழுத்தை யாராவது அளந்திருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. அளக்கவில்லை என்றால் எவ்வளவு பெரிய கணினி வைத்திருந்தாலும் அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

அளந்துவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் 1999-இல் காலீன் கிளான்சியும் யோரம் ரூடியும் செய்தது. சோடியம் சேனலுக்கான எஸ்சிஎன்5ஏ மரபணுவில் மூன்று அமினோ அமிலங்கள் விடுபட்டுப்போகும் ஒரு பிறழ்வு, நீள் க்யூடி மூன்றாம் வகை. சோடியம் சேனல் சாதாரணமாக ஒரு மில்லிநொடி திறந்து, பட்டென்று தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். பிறழ்ந்த சேனல் எப்போதாவது தாழ்ப்பாள் போட மறந்துவிடும். அதனால் கசிவது உச்ச மின்னோட்டத்தில் சொற்பம்தான், அளக்கிறவரே "இது என்ன பிரமாதம்" என்று விட்டுவிடக்கூடிய அளவு. ஆனால் துடிப்பின் நடுப்பகுதியில் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஏறக்குறைய சமமாக நிற்கும் நேரம். தராசுத் தட்டு இரண்டும் நேராக நிற்கும்போது ஒரு குந்துமணி போதும் சாய்க்க. மாடலில் ஓட்டியபோது துடிப்பு நீண்டது, நடுவில் மறுபடி எழும்பியது, அதுவும் மெதுவாகத் துடிக்கும்போதுதான் அதிகம். மூன்றாம் வகைக்காரர்களுக்கு ஆபத்து தூக்கத்தில் வருவது ஏன் என்பதற்கு சேனல் அளவிலேயே ஒரு விளக்கம் கிடைத்தது.

உங்கள் வீட்டு விஷயம் முதல் வகை, கேசிஎன்க்யூ1 சம்பந்தப்பட்டது. அதன் குணம் வேறு. நாளை எழுதுகிறேன், சாப்பாடு ஆறுகிறது.

#6 நெய்தல் | செவ்வாய் அதிகாலை 1:30

தூக்கம் வரவில்லை. மயோகிட் என்ற இலவச மென்பொருளை இறக்கி, 2011-இல் வந்த ஓ'ஹாரா-ரூடி மாடலை ஓட்டிவிட்டேன். மனித இதயக் கீழறைச் செல். 41 மாறிகள். நூற்றுக்கும் மேற்பட்ட நோயற்ற மனித இதயங்களின் அளவுகள் இதில் இருக்கிறதாம்.

கேசிஎன்க்யூ1 தயாரிக்கும் சேனலின் பொட்டாசியம் மின்னோட்டத்துக்கு ஐகேஎஸ் என்று பெயர். அதன் பெருக்கெண்ணைப் பாதியாக்கினேன். கோடு நகரவே இல்லை. சரி, சுழியம் போட்டேன். முழுசாக நிறுத்தியும் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன, உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம்.

அப்படியானால் அந்த மாற்றத்தால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமா? வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது, ஆனால் நம்பவும் பயமாக இருக்கிறது.

#7 மின்கம்பி | செவ்வாய் காலை 7:10

மேடம், வேலைக்குப் போகும் வழியில் எழுதுகிறேன். தயவுசெய்து அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தவே கூடாது.

நீங்கள் ஓட்டியது சரி. கேட்ட கேள்விதான் தவறு. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் செல்லில் ஐகேஎஸ்ஸை எடுத்தீர்கள். ஓய்வில் அந்த மின்னோட்டத்துக்குப் பெரிய வேலை இல்லை. மனித இதயத் தசையில் மருந்தால் அதை அடைத்துப் பார்த்த சோதனைகளிலும் இதே கதைதான். அது திருவிழாக் காவலர் மாதிரி, கூட்டம் வந்தால்தான் தேவை. ஓடும்போது, நீந்தும்போது, பயப்படும்போது அட்ரினலின் பாய்கிறது. கால்சியம் அதிகமாக உள்ளே வந்து துடிப்பை நீட்டப் பார்க்கும். இதயமோ வேகமாகத் துடித்தாக வேண்டும், ஒவ்வொரு துடிப்பும் சுருங்கியாக வேண்டும். அந்த நேரத்தில் அட்ரினலின் ஐகேஎஸ்ஸையும் தட்டி எழுப்பும், அது பொட்டாசியத்தை வெளியேற்றித் துடிப்பைச் சீக்கிரம் முடித்துவைக்கும். அந்தக் காவலர் வராவிட்டால்? உங்கள் பெண் விழுந்தது நீச்சல்குளத்திலும் பஸ்ஸுக்கு ஓடும்போதும். பாடப்புத்தகத்தில் முதல் வகைக்கு எழுதியிருப்பது அப்படியே.

நீங்கள் ஓட்டிய மாடலின் அடிப்படை வடிவத்தில் அட்ரினலின் பாதையே கிடையாது. இல்லாததைப் பற்றி அது என்ன சொல்லும்?

இன்னொன்று, எத்தனை துடிப்பு ஓட்டினீர்கள்?

#8 நெய்தல் | செவ்வாய் காலை 7:25

10.

#9 மின்கம்பி | செவ்வாய் காலை 7:31

1000 ஓட்டுங்கள். உள்ளே சோடியம், பொட்டாசியம் அளவுகள் மெதுவாக நகர்ந்து ஒரு நிலைக்கு வரும், அதற்குள் அளந்தால் புதுவீட்டுச் சுண்ணாம்பு காய்வதற்குள் படம் மாட்டின மாதிரி. (இந்தத் தவறைச் செய்து ஒரு வாரம் தொலைத்த அனுபவம் எனக்கும் உண்டு. வெளியே சொல்லாதீர்கள்.)

#10 அரைவேக்காடு | செவ்வாய் மாலை 6:40

பயோமெடிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவன். நானும் அதே மாடலை ஓட்டினேன் அக்கா. ஆனால் ஹெர்க் என்ற இன்னொரு பொட்டாசியம் சேனல் பக்கம் போனேன், அதன் மின்னோட்டம் ஐகேஆர், அது கெட்டால் நீள் க்யூடி இரண்டாம் வகை. 85 சதவீதம் அடைத்து, 4 வினாடிக்கு ஒரு துடிப்பு என்று வைத்தால் கோடு பாதி இறங்கி, நின்று, ஒட்டகத் திமில் மாதிரி மறுபடி எழும்புகிறது! மாடலை வெளியிட்டவர்களே இதே அமைப்பில்தான் காட்டியிருக்கிறார்கள். திமிலைப் பார்த்ததும் ஹாஸ்டலில் கத்திவிட்டேன்.

#11 சந்தேகப்பிராணி | செவ்வாய் இரவு 8:02

4 வினாடிக்கு ஒன்று என்றால் நிமிஷத்துக்கு 15 துடிப்பு. தம்பி, 15 துடிப்பில் ஓடுகிற ஆளுக்கு மரபணுப் பரிசோதனை தேவையில்லை, பேஸ்மேக்கர் தேவை. திமில் வரும்வரை திருகாணியைத் திருகினால் திமில் வரத்தானே செய்யும்?

#12 மின்கம்பி | செவ்வாய் இரவு 10:48

நியாயமான கேள்வி. இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி என்பேன்.

எல்லாத் துடிப்பும் 4 வினாடி இடைவெளியில் வருவதில்லைதான். ஆனால் இந்த நோயாளிகளின் ஈசிஜியில் விபரீதம் தொடங்கும் இடத்தைப் பார்த்தால், பல சமயம் முந்திக்கொண்டு ஒரு துடிப்பு, அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி, அதற்கடுத்த துடிப்பில் சிக்கல் என்று இருக்கும். இடைவெளி நீண்டால் அடுத்த துடிப்பு நீளும். மாடலின் 4 வினாடி அந்த இடைவெளியை மிகைப்படுத்திக் காட்டும் பூதக்கண்ணாடி. 85 சதவீதமும் அப்படித்தான், மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்று மட்டும் கெட்டவருக்கு அவ்வளவு அடைபடும் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் பாதி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐகேஎஸ் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். அது நாலு பேர் தூக்கும் பல்லக்கு, நாலு கேசிஎன்க்யூ1 புரதங்கள் சேர்ந்தால் ஒரு சேனல். அப்பாவிடமிருந்து நல்ல நகல், அம்மாவிடமிருந்து கெட்ட நகல் என்றால் ஆட்கள் பாதிப் பாதி. ஒருவர் நொண்டினாலும் பல்லக்கு சாயும் என்ற வகைப் பிறழ்வாக இருந்தால், நாலு பேரும் நல்லவர்களாக அமையும் பல்லக்கு 16-இல் ஒன்றுதான். வெறுமனே வேலைக்கு வராத பிறழ்வு என்றால் பாதி மிஞ்சும். எந்த வகை என்பதை அளந்தால்தான் தெரியும், ஊகிக்க முடியாது.

தென்னாப்பிரிக்காவில் ஏ341வி என்ற கேசிஎன்க்யூ1 பிறழ்வு உள்ள குடும்பங்கள் பல இருக்கின்றன, எல்லாம் ஒரே மூதாதையர் வழி வந்தவை. மிகக் கடுமையான முதல் வகை. ஆனால் ஆய்வகத்தில் நல்ல நகலோடு கலந்து அளந்தபோது, ஓய்வு நிலையில் மின்னோட்டம் அப்படியொன்றும் மோசமாகக் குறையவில்லை. பிறகு ஏன் இவ்வளவு கடுமை? 2012-இல் ஹெய்மன் குழு காட்டியது, அந்தச் சேனலுக்கு அட்ரினலின் சொல்வது காதில் விழவில்லை என்பது. கூட்டம் வந்தும் காவலர் எழுந்திருக்கவில்லை. ஓய்வில் மட்டும் ஓட்டிய மாடல் எதுவும் இதைக் காட்டியிருக்காது. நேற்று ராத்திரி நெய்தல் மேடம் பார்த்ததும் அதுதான்.

#13 சந்தேகப்பிராணி | செவ்வாய் இரவு 11:20

சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குடும்பங்களில் ஒரே பிறழ்வு உள்ள எல்லோரும் ஒரே மாதிரி விழுந்தார்களா?

#14 மின்கம்பி | செவ்வாய் இரவு 11:41

இல்லை. சிலர் சின்ன வயதிலேயே இறந்தார்கள், சிலர் ஒருமுறைகூட மயங்காமல் கிழவர்களானார்கள், சிலருக்கு க்யூடியே சாதாரண அளவில் இருந்தது. என்ஓஎஸ்1ஏபி என்ற வேறொரு மரபணுவின் சாதாரண வேறுபாடுகளும் அவர்களின் ஆபத்தைக் கூட்டிக் குறைக்கின்றன என்று 2009-இல் தெரிந்தது. ஒரே எழுத்து, ஒரே மூதாதையர், அப்படியும் விதி வேறு வேறு. "இவள் மறுபடி விழுவாளா" என்று என்னிடம் கேட்டால் நான் தொண்டையைக் கனைப்பேன் என்று நீங்கள் முதல் நாளே சொன்னீர்கள். ஆமாம், கனைக்கிறேன்.

"இந்தச் சேனல் கெட்டால் எந்த நிலையில் செல் தடுமாறும், எந்த மருந்து அதைத் தாங்கும்" என்று கேளுங்கள், அதற்குக் கனைக்க மாட்டேன். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை ஹெர்க் சேனலை அடைத்து ஆட்களைக் கொன்றதால் 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது. அதன்பின் ஹெர்க்கைத் தொடும் மருந்து என்றாலே பயம். ஆனால் வெராபமில்லும் ஹெர்க்கை அடைக்கும், இந்த ஆபத்தைத் தருவதில்லை, ஏனென்றால் கால்சியம் சேனலையும் சேர்த்தே அடைக்கிறது. தராசின் இரண்டு தட்டிலிருந்தும் எடுக்கிறது. ஒரு சேனலைப் பார்த்து மருந்தைக் குற்றவாளி ஆக்காமல், எல்லாச் சேனல்களின் அளவையும் மாடலில் போட்டுக் கூட்டிக் கழிக்கலாமே என்று 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் மற்றவர்களும் சேர்ந்து சிபா என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். 28 மருந்துகளை வைத்துப் பழக்கிச் சோதித்தார்கள். நெய்தல் மேடம் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஓட்டிய அதே ஓ'ஹாரா-ரூடி மாடல்தான், கொஞ்சம் திருத்தி.

#15 பழையபஞ்சாங்கம் | புதன் காலை 5:35

லண்டனில் 2 மணி, இங்கே ஒன்றரை மணி. இதய மாடலுக்கு ராத்திரிதான் ராசி போல.

#16 கட்டம்போட்டதாள் | புதன் மதியம் 2:15

22 வருஷமாக ஈசிஜி எடுப்பவள் நான். நீங்கள் எல்லோரும் செல்லுக்குள் போய்விட்டீர்கள், நான் தாளுக்குத் திரும்பக் கூப்பிடுகிறேன்.

அந்த 471 எப்படி வந்தது? தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிநொடி. க்யூடி 10 கட்டம், இரண்டு துடிப்புக்கு நடுவே 18 கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400, 720. 1920-இல் பேசெட் சொன்ன வாய்ப்பாடுதான் இன்றும்: இடைவெளியை வினாடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தால் க்யூடியை வகுக்க வேண்டும். 471 வரும். இன்னொருவர் அதே தாளில் டி அலை (துடிப்பின் கடைசி மேடு, க்யூடி முடியும் இடம்) முடியும் இடத்தை அரைக் கட்டம் முன்னால் குறித்தால் 380, விடை 448. அரைக் கட்டத்தில் பெண் நோயாளியாகிறாள், அரைக் கட்டத்தில் வீட்டுக்குப் போகிறாள். மெஷின் அச்சடிக்கும் எண்ணை நம்பாதீர்கள், டி அலை தட்டையாக இருந்தால் அது எங்கேயோ போய்க் கோடு போடும். கீழிறங்கும் சரிவில் ஸ்கேலை ஒட்டிவைத்து, அது அடிக்கோட்டைத் தொடும் இடத்தை எடுங்கள்.

அப்புறம், மின்கம்பி சார் சொன்ன காவலர் சமாச்சாரத்துக்குக் கணினி தேவையில்லை. டிரெட்மில்லில் ஓடவிட்டு, நிறுத்தியபின் 4-ஆவது நிமிஷத்தில் ஈசிஜி எடுத்தால் போதும். அங்கே திருத்திய க்யூடி 480-ம் அதற்கு மேலும் வந்தால், நோயைக் கணிக்கும் பட்டியலில் அதற்கென்று மதிப்பெண்ணே இருக்கிறது. இதய மருத்துவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் செய்ய வேண்டும், பெண்ணுக்கு மட்டும் அல்ல, அப்பா அம்மாவுக்கும். ஓய்வு ஈசிஜி சாதாரணமாக இருந்தால் பெற்றோரை விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை.

வாந்தி என்று போனால் டோம்பெரிடோனும் ஒண்டான்செட்ரானும், சளி என்றால் அசித்ரோமைசினும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எல்லாமே க்யூடியை நீட்டக்கூடியவை. கிரெடிபிள்மெட்ஸ் தளத்தில் பட்டியல் இருக்கிறது, அச்செடுத்துப் பெண்ணின் பையில் வையுங்கள்.

#17 நெறியாளர் | புதன் மாலை 4:00

வழக்கமான நினைவூட்டல்: இங்கே எழுதப்படுவது மருத்துவ ஆலோசனை அல்ல. இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

#18 அரைவேக்காடு | புதன் இரவு 9:10

ஒரு சந்தேகம். "தெளிவில்லை" என்ற ரிப்போர்ட்டுகளை யாராவது மொத்தமாக அளந்து முடித்துவிட்டால் என்ன?

#19 மின்கம்பி | புதன் இரவு 10:02

ஹெர்க்குக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். சிட்னியில் விக்டர் சாங் இதய ஆய்வு நிறுவனத்தில், கையால் ஒவ்வொரு செல்லாகப் பிடிக்காமல், தானியங்கி பேட்ச் கிளாம்ப் மெஷினில் நூற்றுக்கணக்கான மாற்றங்களை வரிசையாக அளந்திருக்கிறார்கள். ஐகேஎஸ்ஸுக்கு வேலை இன்னும் கடினம், கேசிஎன்இ1 என்ற துணைப்புரதத்தையும் சேர்த்து வளர்க்க வேண்டும், அட்ரினலின் கேள்வியையும் கேட்க வேண்டும். மேடம், உங்கள் மாற்றத்தின் சரியான பெயரை மரபணு ஆலோசகரிடம் கொடுத்து, அளவீடு எதுவும் வெளியாகியிருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகைப்பாடு கல்வெட்டு அல்ல, மாறும்.

#20 நெய்தல் | மூன்று வாரம் கழித்து, சனி மாலை 5:20

தாமதத்துக்கு மன்னிக்கவும். கட்டம்போட்டதாள் அம்மா சொன்னதை மருத்துவரிடம் கேட்டோம். மறுப்பு சொல்லாமல் ஏற்பாடு செய்தார்.

அக்காவுக்கு ஓய்வில் 438. ஓடி நிறுத்திய 4-ஆவது நிமிஷத்தில் 486. அத்தானுக்கு இரண்டும் சாதாரணம். அக்காவின் ரத்தத்திலும் அதே எழுத்து மாறியிருக்கிறது. ஒரு குடும்பத்தில் இரண்டு பேரை வைத்து மட்டும் வகைப்பாட்டை மாற்ற முடியாதாம், ரிப்போர்ட் இன்னும் "தெளிவில்லை"தான். ஆனால் அக்காவுக்கும் பீட்டா பிளாக்கர் தொடங்கிவிட்டார்.

ரிசல்ட் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது அக்கா காரில் சொன்னாள். பத்து வயதில் ஊர்க் கொடையில் சப்பரத்துக்கு முன்னால் ஓடியபோது கண் இருட்டி விழுந்தாளாம். சாமி வந்துவிட்டது என்று எல்லோரும் திருநீறு பூசிக் கும்பிட்டார்களாம். முப்பது வருஷமாக அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தாள். நாங்கள் யாரும் அதற்குப் பிறகு பேசவில்லை.

மாடலை 1000 துடிப்பு ஓட்டினேன், மின்கம்பி சார். இப்போது அட்ரினலின் பாதை உள்ள ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

#21 மின்கம்பி | சனி இரவு 7:45

ஹெய்மன் குழு 2011-இல் வெளியிட்டது இருக்கிறது. நாயின் இதயச் செல், மனிதனுடையது அல்ல, அதை மனதில் வையுங்கள். மாட்டிக்கொண்டால் எழுதுங்கள்.

#22 சந்தேகப்பிராணி | சனி இரவு 8:30

நெய்தல், உங்களுக்கும் அக்காவுக்கும் ஒரே அம்மா அப்பாதானே? நீங்கள் ஈசிஜி எடுத்தீர்களா?

#23 நெய்தல் | சனி இரவு 8:52

இன்னும் இல்லை. திங்கட்கிழமை போகிறேன்.

#24 கட்டம்போட்டதாள் | சனி இரவு 9:15

பழைய ஈசிஜி ஏதாவது வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள். அந்தத் தாளில் அச்சு மங்கிவிடும், இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.